டீசல் என்பது ஒருவரின் பெயர்: காரைக்கால் பங்க்கில் நிற்கும் லாரிக்கும் கடலில் காணாமல்போன ருடால்ஃப் டீசலுக்கும் என்ன சம்பந்தம்?

நாகூர் தாண்டி வாஞ்சூர் வழியாகக் காரைக்காலுக்குள் நுழையும் லாரிகள் பெரும்பாலும் முதலில் செய்யும் வேலை, டேங்க்கை நிரப்புவதுதான். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் வரி குறைவு என்பதால் தமிழ்நாட்டைவிட இங்கே டீசல் விலை லிட்டருக்குச் சில ரூபாய் குறைவாகவே இருந்துவருகிறது. 300 லிட்டர் பிடிக்கும் டேங்க் என்றால் அந்தச் சில ரூபாயே டிரைவர் பேட்டா அளவுக்கு வந்துவிடும். யார் விடுவார்கள்?

அந்த பங்க்கில் தினமும் நூறு முறை உச்சரிக்கப்படும் 'டீசல்' என்ற சொல், ஒரு எண்ணெயின் பெயராகப் பிறந்ததல்ல. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கனரக லாரிகளின் கரிமப் புகையை எப்படிக் குறைப்பது என்று இன்று டெல்லியிலும் பிரஸ்ஸல்ஸிலும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆனால், எரிபொருள் வீணாவதைக் குறைக்க வேண்டும் என்றுதான் அந்த மனிதரே தன் வேலையைத் தொடங்கினார். கதையின் விசித்திரம் அங்கேதான் இருக்கிறது.

யார் இந்த ருடால்ஃப் டீசல்?

1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா தியோடர், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்துக்காரர். புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலைக் கற்று, பிழைப்புக்காகப் பாரிஸ் போய், தோல் பொருட்கள் செய்து விற்றவர். செய்த பொருட்களைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது பையன் ருடால்ஃபின் வேலை.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மன்காரர்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். 12 வயதுப் பையன் குடும்பத்தோடு லண்டனுக்கு அகதியாகப் போனான். அங்கே வருமானம் போதவில்லை. அதனால் அவனை மட்டும் ஆக்ஸ்பர்க்கில் கணக்கு வாத்தியாராக இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படிப்பில் பையன் கில்லி. உதவித்தொகையிலேயே மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரி வரை போனான். டைஃபாய்டு வந்து ஒரு தேர்வு தள்ளிப்போனாலும், 1880-ல் அந்தக் கல்லூரியிலேயே மிக உயர்ந்த மதிப்பெண்களோடு வெளியே வந்தான்.

அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர் கார்ல் ஃபான் லிண்டே, குளிர்பதனத் தொழிலின் பெரிய பெயர். நீராவி இன்ஜினில் போடும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் சரியாக வேலையாக மாறுவதில்லை, மீதியெல்லாம் புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது என்பது அவர் வகுப்பில் டீசல் கற்ற விஷயம். சாதி கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர் 1824-லேயே, வெப்பத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்க முடியும் என்று கணக்கு போட்டு வைத்திருந்தார். அந்தக் கணக்குக்கும் நடைமுறைக்கும் நடுவே இருந்த பள்ளம்தான் டீசலைத் தூங்கவிடாமல் செய்தது.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்வார்கள். மலாய் பகுதிகளில் தீ மூட்டப் பயன்படுத்திய சின்னக் குழாய் ஒன்று உண்டு. உள்ளே பஞ்சை வைத்து, தண்டைப் படாரென்று அழுத்தினால், அடைபட்ட காற்று சூடாகிப் பஞ்சு பற்றிக்கொள்ளும். பினாங்கிலிருந்து வந்த அப்படி ஒரு கருவியை லிண்டே காட்டினார், அதிலிருந்துதான் டீசலுக்கு யோசனை வந்தது என்பது அந்தக் கதை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஏறிய நம்மூர்க்காரர்கள் பலர் அந்தக் குழாயைப் பார்த்திருக்கவும் கூடும். கதை முழுசாக உண்மையோ இல்லையோ, இயற்பியல் உண்மைதான். சைக்கிளுக்குக் கை பம்ப்பில் காற்றடித்தால் பம்ப்பின் அடிப்பகுதி சுடும் இல்லையா? அதேதான்.

சின்ன ஆளுக்கு ஒரு இன்ஜின்

டீசலின் யோசனையைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் விட்டு, பயங்கரமாக அழுத்த வேண்டும். காற்று பழுக்கச் சூடான பிறகு எரிபொருளைத் தெளித்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜினில் உள்ளதுபோல் தீப்பொறிக்கு ஸ்பார்க் பிளக் தேவையில்லை. எவ்வளவு அதிகம் அழுத்துகிறோமோ அவ்வளவு அதிகமாக எரிபொருளிலிருந்து வேலை வாங்கலாம்.

ஆனால், அவர் இதை யாருக்காகச் செய்ய நினைத்தார் என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. அந்தக் காலத்து நீராவி இன்ஜின் பெரிய முதலாளிக்கான சாமான். பாய்லர், புகைபோக்கி, நிலக்கரிக் குவியல், பார்த்துக்கொள்ள ஆட்கள் என்று எல்லாம் வேண்டும். நெசவாளி, தச்சர், அவர் அப்பாவைப் போன்ற தோல் வேலைக்காரர் யாரும் அதை வாங்க முடியாது. அதனால் பட்டறைகள் மூடப்பட்டு, எல்லோரும் ஆலைக் கூலிகளாகிக்கொண்டிருந்தார்கள். கைவினைஞரின் பட்டறையில் வைக்கிற அளவுக்குச் சின்னதாக, கைக்குக் கிடைக்கும் எந்த எரிபொருளிலும் ஓடுவதாக ஒரு இன்ஜின் வந்தால், சின்ன ஆள் பெரிய ஆலையோடு போட்டி போடலாம் என்று டீசல் நம்பினார். தள்ளுவண்டி தள்ளிய பையனின் கணக்கு அது.

1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் (இன்றைய 'மான்' லாரி நிறுவனத்தின் முன்னோடி) இரும்பு ஜாம்பவான் க்ரூப்பும் பணம் போட்டன. 1893 ஆகஸ்ட் 10-ல் முதல் சோதனை. எரிபொருள் பற்றியது, அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். இன்ஜின் ஓடவில்லை. ஆனால் பற்றும் என்பது தெரிந்துவிட்டது.

காகிதத்தில் அவர் போட்ட கணக்கில் இருந்த அழுத்தம் எந்த உலோகமும் தாங்காதது. அதை ஓசைப்படாமல் மாற்றிக்கொண்டே போனார். காப்புரிமையில் எழுதியது ஒன்று, கடைசியில் ஓடிய இன்ஜின் இன்னொன்று என்று போட்டியாளர்கள் பிற்காலத்தில் அவரைக் குடைந்தெடுத்தது இதை வைத்துத்தான். அந்த விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

நான்கு வருட உழைப்புக்குப் பிறகு, 1897 பிப்ரவரி 17-ல் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முன்னிலையில் அதிகாரபூர்வ சோதனை நடந்தது. 20 குதிரைத்திறன் கொண்ட, ஆளைவிட உயரமான அந்த இயந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது. அன்று உலகத்தில் ஓடிய எந்த இன்ஜினும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1898-ல்தான் பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்த காரைக்காலுக்குப் பேரளத்திலிருந்து முதல் ரயில் வந்தது. நீராவி ரயில். நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றில் விட்டுக்கொண்டேதான் அது அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாக ஓடியது.

கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜின்

காரைக்காலை ஆண்ட பிரெஞ்சு அரசு இந்தக் கதைக்குள் இன்னொரு முறையும் வருகிறது. 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் இன்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. பார்த்தவர்களில் பலருக்கு அது கடலை எண்ணெயில்தான் ஓடுகிறது என்பதே தெரியவில்லை. இப்படி ஓட்டிப் பார்க்கச் சொன்னதே பிரெஞ்சு அரசுதான். அதன் மனதில் இருந்தது ஆப்பிரிக்கக் காலனிகள். அங்கே விளையும் கடலையிலேயே அங்கே வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்ளலாம், நிலக்கரியைக் கப்பலில் அனுப்ப வேண்டியதில்லை என்பது திட்டம். அதே காலத்தில் புதுச்சேரியிலிருந்து மல்லாட்டை மூட்டைகள் மார்செய் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தன. சோப்புக்கும் எண்ணெய்க்கும்தான், இன்ஜினுக்கு அல்ல.

டீசல் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1912-ல்கூடத் தாவர எண்ணெய்களைப் பற்றிப் பேசினார். இன்றைக்கு இது அற்பமாகத் தெரியலாம், ஒருநாள் பெட்ரோலியத்துக்குச் சமமாக வரும் என்பது அவர் கருத்து. நிலத்தடி எரிபொருள்கள் தீர்ந்தாலும் சூரிய வெப்பத்தில் விளைவது தீராது என்றும் நினைத்தார். பருவநிலை மாற்றம் அவர் மனதில் இருந்திருக்காது. அவரைச் சூழலியல் தீர்க்கதரிசியாக்குவது மிகை. எரிபொருள் ஒரு சிலர் கையில் சிக்கிவிடக் கூடாது என்ற கவலைதான் அவருக்குப் பெரிது.

பணம் வந்தது, போனது

1897 வெற்றிக்குப் பிறகு உரிமம் கேட்டு வரிசையில் நின்றார்கள். அமெரிக்க பீர் முதலாளி அடால்ஃபஸ் புஷ் மட்டும் 10 லட்சம் மார்க் கொடுத்தார். நாற்பது வயதுக்குள் டீசல் கோடீஸ்வரர். மியூனிக்கில் மாளிகை கட்டினார். ஆனால் வியாபாரம் அவர் கைக்கு வரவில்லை. ஆரம்பகால இன்ஜின்கள் வாடிக்கையாளர் இடத்தில் அடிக்கடி பழுதாகி நின்றன. காப்புரிமை வழக்குகள் வேறு. உடம்பு கெட்டு, நரம்புத் தளர்ச்சியோடு சிகிச்சை நிலையத்தில் கிடந்தார். நிலத்திலும் எண்ணெய் வயல்களிலும் போட்ட பணம் மூழ்கியது.

நடுவில் 1903-ல் ஒரு புத்தகம் எழுதினார். இன்ஜின் பற்றி அல்ல. தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுத் தாங்களே ஆலைகளை நடத்துவது பற்றி. சில நூறு பிரதிகள்தான் விற்றன. இன்ஜினைக் கண்டுபிடித்ததைவிட இந்தச் சமூகக் கேள்விக்கு விடை கண்டதுதான் தன் பெரிய சாதனை என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாராம். உலகம் இன்ஜினை மட்டும் எடுத்துக்கொண்டது.

அதையும் அவர் நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. தச்சர் பட்டறைக்குப் பதிலாகப் பெரிய ஆலைகளுக்கும், மின் நிலையங்களுக்கும், கப்பல்களுக்கும் போனது. 1912-ல் டென்மார்க்கின் 'செலாண்டியா' கப்பல் புகைபோக்கியே இல்லாமல் இந்துமாக்கடலைக் கடந்து பாங்காக் போய்ச் சேர்ந்தது. சில ஆண்டுகளில் போர் நீர்மூழ்கிகளின் வயிற்றிலும் டீசல் இன்ஜின்தான்.

1913 செப்டம்பர் 29 மாலை ஆண்ட்வெர்ப்பில் 'டிரெஸ்டன்' என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் ஒரு புதிய டீசல் ஆலைத் தொடக்கத்துக்காகப் பயணம். நண்பர்களோடு இரவு உணவு சாப்பிட்டார். காலை ஆறே காலுக்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறை காலி. படுக்கை கசங்கவில்லை. தொப்பியும் மேல்கோட்டும் மேல்தளத்தில் கம்பி ஓரம் கிடந்தன. சுமார் பத்து நாள் கழித்து டச்சுப் படகு ஒன்று கடலில் ஒரு உடலைக் கண்டது. சட்டைப்பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கொந்தளிப்பான கடலில் உடலை விட்டுவிட்டார்கள். பொருட்களை அவர் மகன் ஒய்கன் அடையாளம் காட்டினார். டைரியில் அந்தத் தேதிக்கு நேரே ஒரு சிலுவைக் குறி இருந்தது. வீட்டில் கணக்கைப் பார்த்தபோது கடன் சொத்தைத் தாண்டியிருந்தது. எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள், ஜெர்மன் உளவாளிகள் கொன்றார்கள் என்று யூடியூப் முழுக்க இன்றும் கதைகள் ஓடுகின்றன. ஆதாரம் எதுவும் இல்லை. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் தற்கொலை என்றே கருதுகிறார்கள்.

அப்போ லாரிக்கு எப்படி வந்தது?

டீசல் உயிரோடு இருந்தவரை அவர் இன்ஜின் வெற்றிகரமாக லாரியில் ஓடவே இல்லை. 1908 வாக்கில் முயன்று பார்த்தார், சரிவரவில்லை. எரிபொருளைத் தெளிக்க அழுத்தப்பட்ட காற்று வேண்டும். அதற்கு ஒரு கம்ப்ரஸர். அதன் எடையே லாரிக்குப் பாரம். காற்று இல்லாமல் எண்ணெயை மட்டும் பீய்ச்சும் முறை வந்த பிறகு, 1923-24-ல்தான் பென்ஸும் மானும் டீசல் லாரிகளைச் சாலைக்குக் கொண்டுவந்தன. 1927-ல் போஷ் நிறுவனத்தின் ஃப்யூவல் பம்ப் விற்பனைக்கு வந்ததும் வேகம் பிடித்தது. நம்ம மெக்கானிக்குகள் 'பம்ப் வேலை' என்று சொல்வது இந்த பம்ப்பைத்தான்.

26 சதவீதத்தில் தொடங்கிய செயல்திறன், இன்றைய நல்ல லாரி இன்ஜினில் 45 சதவீதத்தைத் தொடுகிறது. கனரக லாரியிலிருந்து டீசலை அகற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு விடை இந்த எண்ணில்தான் இருக்கிறது. அது மோசமான இன்ஜினாக இருந்திருந்தால் எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள். குறைந்த செலவில் ஓடியதால் சரக்கெல்லாம் சாலைக்கு வந்தது. ஒரு லாரி எரிப்பது குறைந்தது, லாரிகளின் எண்ணிக்கை எகிறியது.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிலோகூட எடை இல்லாத எண்ணெயிலிருந்து அது எப்படி என்று கேட்கலாம். கார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. காரைக்காலிலிருந்து திருச்சிக்கு சுமார் 150 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்தால், ஒரு நடைக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ. நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி இந்தியாவில் சுமார் 40 லட்சம் லாரிகள் ஓடின. 2050-ல் இது 1.7 கோடி ஆகலாம் என்கிறது அந்த அறிக்கை.

பிஎஸ்-6 வந்துவிட்டதே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். 2020 ஏப்ரலில் வந்த அந்த விதி குறைப்பது நுண்துகளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும்தான். லாரியில் டீசலோடு கூடவே ஊற்றும் ஆட்ப்ளூ யூரியாக் கரைசல் அதற்குத்தான். நுரையீரலுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் கார்பன் டை ஆக்சைடை எந்த ஃபில்டரும் லாரிக்குள் பிடித்து வைப்பதில்லை. எரித்தால் வரும், அவ்வளவுதான். எரிப்பதைக் குறைக்க வேண்டும், அல்லது எரிப்பதை மாற்ற வேண்டும்.

ஒரு வழி ரயில். காரைக்கால் துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் பெரும்பகுதி நிலக்கரி. துறைமுகத்துக்குள்ளேயே தண்டவாளம் இருக்கிறது. ஒரு சரக்கு ரயில் கிட்டத்தட்ட 4,000 டன் இழுக்கும். அதை லாரியில் ஏற்றினால் 130 லாரிக்கு மேல் வேண்டும். 1980-களில் மூடப்பட்ட அந்தப் பேரளம் பாதையும் இப்போது 23 கிலோமீட்டர் அகலப்பாதையாக மீண்டும் போடப்பட்டிருக்கிறது. (ரயிலோ லாரியோ, ஏற்றிப்போவது நிலக்கரி என்பதை மறந்துவிட வேண்டாம். அதன் தூசி பற்றி நாகூர், வாஞ்சூர் மக்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருகிறார்கள்.)

இன்னொரு வழி, டீசலே ஓட்டிப் பார்த்த தாவர எண்ணெய். 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்பது 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு. அவ்வளவு எண்ணெய்க்கு எங்கே போவது என்பதே சிக்கல். சமையல் எண்ணெயையே பெருமளவு இறக்குமதி செய்யும் நாட்டில் கடலை எண்ணெயை லாரிக்கு ஊற்ற முடியாது. அதனால் பயன்படுத்திய பஜ்ஜி எண்ணெய் மாதிரியான கழிவுகளை நோக்கித்தான் போகிறார்கள்.

மூன்றாவது, மின்சார லாரி. டீசல் இன்ஜின் பாதிக்கு மேல் வீணாக்கும் இடத்தில் மின் மோட்டார் 90 சதவீதம் வரை வேலையாக மாற்றும். கார்னோவின் எல்லை இதற்குப் பொருந்தாது. மின்சாரம் நிலக்கரியில் வந்தால் அந்த எல்லை அனல் மின் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும், அது வேறு கதை. ருடால்ஃப் டீசலுக்கு முதல் இன்ஜினைக் கட்டிக்கொடுத்த 'மான்' நிறுவனமே இப்போது மியூனிக்கில் மின்சார லாரி செய்கிறது. துறைமுகத்திலிருந்து பக்கத்து ஆலைக்கு ஒரே வழியில் போய்வரும் குறுகிய நடைகளுக்கு அது இப்போதே சரிப்படும்.

ஆனால் வாங்கப்போவது யார்? இந்தியாவில் பெரும்பாலான லாரிகள் டாடா, பிர்லா போன்றவர்களிடம் இல்லை. ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் ஐந்து வண்டி வைத்திருக்கும் சின்ன உரிமையாளர்களிடம் இருக்கின்றன. பலர் டிரைவராக இருந்து, ஃபைனான்ஸில் பழைய வண்டி எடுத்து முதலாளி ஆனவர்கள். இயந்திரம் கையில் இருந்தால் சின்ன ஆள் யாருக்கும் கூலியாக இருக்க வேண்டியதில்லை என்று டீசல் கண்ட கனவு எங்காவது பலித்திருக்கிறது என்றால், அது ஜெர்மன் தச்சர் பட்டறையில் அல்ல, இந்த ஒற்றை லாரி முதலாளிகளிடம்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒரு கனரக மின்சார லாரியின் விலை, அதே அளவு டீசல் லாரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2025 ஜூலையில் மத்திய அரசு 'பிஎம் இ-டிரைவ்' திட்டத்தில் சுமார் 5,600 மின்சார லாரிகளுக்கு மானியம் அறிவித்தது. ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய். துறைமுகம், சிமென்ட், ஸ்டீல் கம்பெனிகள்தான் முதலில் வாங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். மானியம் வேண்டுமென்றால் பழைய டீசல் லாரியை உடைத்ததற்கான சான்றிதழைக் காட்ட வேண்டும். பத்து வண்டியில் ஒன்றை உடைப்பவருக்கு அது ஒரு காகித வேலை. ஒரே வண்டி வைத்திருப்பவர், காரைக்கால் பங்க்கில் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்து அந்த வண்டிக்கே இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.